நீண்டுபோன ட்ராம்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுபவன் நான். இடுப்பு வலியால் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த ஒரு கோடையில், பக்கத்து நூலகத்தில் ஒரு ஜப்பானியப் பெண்மணி கோகின் என்ற தையலைப் பழக்கினார். நான் போனது சும்மா குடிக்கக் கிடைக்கும் கோப்பிக்கு. போன இடத்தில் ஊசி கையில் ஏறிவிட்டது. துணியின் இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எண்ணித் தைக்க வேண்டும். ஓர் இழை பிசகினால் மேலே வருவதெல்லாம் பிசகும்.

மற்றவர்கள் அவர் தந்த சாய்சதுரங்களைத் தைத்தார்கள். எனக்கு அது போதுமா? மகளுக்கு ஒரு பை தைத்து, அதில் நானே வரைந்த ட்ராமை ஓடவிடத் தீர்மானித்தேன்.

அவளுக்கு வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. போவதா, ஒரு வருடம் எங்களோடு இருந்து வேலை செய்துவிட்டுப் பார்ப்பதா என்று அந்த வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். போவாள் என்று எனக்கு நிச்சயம். என் கவலையெல்லாம் பை முடியவேண்டுமே என்பதுதான்.

கணக்குக் கொப்பியின் சதுரக் கட்டங்களில் வரைந்தேன். தாளில் அசல் ட்ராம். துணியிலோ தைக்கத் தைக்க மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போனது.

"இது ட்ராம் இல்லை அப்பா, லிப்ட்," என்றாள் மகள்.

"அதுவும் ஆக்களை ஏத்திற சாமான்தானே."

நூலகத்தில் ஆசிரியை என் தாளை மெல்ல ஒதுக்கி வைத்தார். கோகின் துணியில் நெடுக்கிழைகள் நெருக்கம், குறுக்கிழைகள் இடைவிட்டவை; தாளில் சதுரமாக இருப்பது துணியில் நெடுத்துவிடும். சொந்தமாக வரைபவர் முதலில் ஒரு சிறு துண்டு தைத்து அளந்துபார்க்க வேண்டுமாம். அந்தப் பாடம் நடந்தபோது நான் கோப்பி எடுக்கப் போயிருந்தேன்.

எல்லாவற்றையும் பிரித்து, ட்ராமைக் குள்ளமாக வரைந்து, மறுபடி தொடங்கினேன். மகள் சோபாவின் மறுமுனையில் வந்து குந்தினாள்.

"அப்பா, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"பொறு பிள்ளை, எண்ணுறன்."

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த நாளும் வந்தாள்.

"நான் இந்த வருசம் போகத்தான் வேணுமோ எண்டு..."

"ஐஞ்சு, ஆறு... பார், விட்டிட்டன். பிறகு கதைப்பம்."

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "துணிக்குக் குடுக்கிற காதைப் பிள்ளைக்குக் குடுங்கோவன்."

நான் துணியைக் காதில் வைத்து, "இது ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பிவிட்டேன்.

சரியென்று பதில் அனுப்பிவிட்டதாக அவள் சொன்னபோது பையும் முடிந்திருந்தது. ஓர் இழைகூடப் பிசகவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறினாள். அந்த முதல் குளிர்காலம் முழுக்கத் தாயிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். நான் எடுத்தால், "சுகமா இருக்கிறன் அப்பா." வசந்தம் வந்த பிறகே மனைவி எனக்குச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு அங்கேயே வேலை. நன்றாகத்தான் இருக்கிறாள். போன நத்தார் விடுமுறைக்கு வந்தபோது அதே பை, நுனிகள் தேய்ந்து, வாசலில் தொங்கியது. ட்ராம் மட்டும் அச்சொட்டாக இருந்தது. சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்:

"அண்டைக்குப் போக விருப்பமில்லை எண்டு சொல்லவோ வந்தனீ?"

"அப்ப கேட்டிருக்கலாம், அப்பா."