மாமி வாங்கி வந்த வெள்ளைச் சேலை

என் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, மாமி கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வந்தார். என் கணவரைப் பெற்ற தாய் அவர். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் மார்க்கக் கடமை தவறிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரமில்லாமல், வெள்ளை உடுத்து, வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். சேலையை என் மடியில் வைத்தார்.

"இத்தா இரி மகள். கடல்ல விழுந்தவர் இருபது நாளாகியும் உசிரோட இருப்பாரா?"

"அல்லா நாடினா இருப்பார். இத என்ட கண்ணுல காட்டாதீங்க மாமி."

என் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம். மாமி அதை எடுத்துப்போய் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு அந்த வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான்.

யுத்தம் முடிந்து, தடையெல்லாம் நீங்கி, ஆண்கள் தூரக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. நோன்புப் பெருநாள் முடிந்து ஆறாம் நாள் அவரும், அவரை 'நானா' என்று கூப்பிடும் அவருடைய தம்பியும் ஒரே படகில் போனார்கள். திரும்பவில்லை. பதினெட்டாம் நாள் இந்தியாவிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசினான். அந்த நாட்டுப் படகொன்று அவனைத் தூக்கியெடுத்ததாம். எல்லை தாண்டியதாகச் சொல்லிச் சிறையில் வைத்திருக்கிறார்களாம்.

"போய் ரெண்டாம் நாள் ராவு படகு பிரண்டுட்டு மதினி. இருட்டுல நானாவும் நானும் பிரிஞ்சி போனம். அவர வேற படகு எடுத்திருக்கலாம்."

அந்த 'எடுத்திருக்கலாம்' என்ற ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். பள்ளி மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். மௌத்து உறுதியாகாமல் இத்தா கிடையாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து யார் வாய் திறந்தாலும் அதையே தூக்கி வீசினேன். கையில் வளையலோடு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனேன். "இவளுக்கு நெஞ்சில ஈரமில்ல" என்று வரப்பில் இருந்த பெண்கள் என் காதுபடப் பேசினார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேண்டுமென்றே சிவப்புச் சேலை உடுத்து, அத்தர் பூசி, அவர்கள் வீட்டு வாசல் வழியாகவே நடந்துபோனேன்.

தவக்குல் வைத்து, எல்லாவற்றையும் அல்லாவிடம் ஒப்படைத்தவர்களின் மனம் அமைதியாக இருக்கும் என்று பள்ளிப் பயானில் சொல்வார்கள். எனக்கு அமைதி ஒரு நாளும் வரவில்லை. என்னுடைய நம்பிக்கை பாதி பிடிவாதம், பாதி பயம். ஐந்து வேளையும் தொழுதுவிட்டு, "யா அல்லா, அவர என்னட்டத் திருப்பித் தா" என்று கேட்பேன். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை. அலுமாரியைத் திறக்கும்போது மட்டும் அடித்தட்டைப் பார்க்க மாட்டேன்.

ரபீஉல் அவ்வல் மாதம் பிறந்து சில நாளில், ஒரு காலைப்பொழுது, தம்பி விடுதலையாகி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மாமி கட்டிப்பிடித்து அழுதார். நான் படிக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் வரவில்லை. அவன் கதிரையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நாங்க பிரியல்ல மதினி. போன்ல சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. படகப் புடிச்சிக்கிட்டுக் கிடந்தம். விடியிறதுக்குக் கிட்ட நானாக்குக் கை வெறச்சிட்டு. கரையில நுரைச்சோலை லைட்டு தெரியுதாடா எண்டு கேட்டார். தெரியல்ல. தெரியுது நானா எண்டு பொய் சொன்னன். கலிமா சொன்னார். பொறகு கைய விட்டுட்டார். என்ட கண்ணுக்கு முன்னால."

எனக்கு அழுகை வரவில்லை. அவனை அறைய வேண்டும் போலிருந்தது. எழுந்து உள்ளே போய், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து வெள்ளைச் சேலையை நானே எடுத்தேன். பொதி பிரிக்காமல் அப்படியே இருந்தது. உடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். மாமி மௌலவிக்குச் சொல்லி அனுப்பினார்.

மௌலவி வந்து வாசல் திரைக்கு வெளியே நின்று, தம்பியிடம் மௌத்தான நாளை விசாரித்தார். பிறகு நோன்புப் பெருநாள் மாதத்திலிருந்து வாய்விட்டு எண்ணினார். ஷவ்வால், துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ஸபர்.

"மகள், இத்தாவ எண்ணுறது மௌத்தான நாள்ல இருந்துதான். செய்தி கெடச்ச நாள்ல இருந்தில்ல. ஒங்கட இத்தா முடிஞ்சி ரெண்டு கிழமைக்கு மேல ஆகுது. இனி இருக்கத் தேவையில்ல."

அந்தச் சிவப்புச் சேலையும் அத்தரும் வளையலும் என் இத்தாவுக்குள் நடந்தவை. ஊரோடெல்லாம் அவர் இருக்கிறார் என்று சண்டை பிடித்துக்கொண்டே நான் அதை முடித்திருக்கிறேன்.

"ஒரு நாளாவது இருக்கட்டுமா மௌலவி?" என்றேன்.

"அறியாம நடந்ததுக்குக் குற்றமில்ல மகள். சபூர் செய்யுங்க, பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டது குற்றத்தைப் பற்றியல்ல. அதை யாரிடம் விளங்கப்படுத்துவது? மாமி வந்து என் தோளிலிருந்த வெள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று இரவு இஷா தொழுதுவிட்டுக் கையேந்தினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அல்லாமீது கோபம் இருந்தது. அதை அவனிடம் மறைக்க முடியாது. பழகிய வாய் தானாகவே, "அவர என்னட்டத் திருப்பித் தா" என்றது. பக்கத்தில் தொழுது முடித்திருந்த மாமி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்லை மாற்றவில்லை. இம்மையில் இல்லையென்றால் மறுமையில் தரட்டும் என்று அதையே திரும்பவும் கேட்டேன். மாமி கையை உயர்த்தி ஆமீன் சொன்னார்.