பதினோரு ‘சார்’களும் ஒரு பெட்டியும்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. மூன்றாம் மாடியில், கழிவறைக்கும் கோப்பு அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கதறியதையும், அதற்குக் கம்பெனியின் தொலைபேசிப் பெண்கள் சொன்ன பதிலையும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைப்பது வேலை. பதினாறு வருடமாக இதையே கேட்டதில் ஒரு பலன், அவர் எங்கே போனாலும் படியேறித்தான் போவார்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். இரண்டு தீப்பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. அலுமினியம். ஒலி உள்ளே வர ஒரு துளை, ஹெட்போன் செருக ஒரு துளை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஓரத்தில் மிளகு அளவு சிவப்பு விளக்கு. ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். கணினியிலிருந்து சோனியாக வருகிற ஒலியைச் சதைப்பிடிப்பாக்கிக் காதுக்கு அனுப்பி வைக்கும். வாங்கினோமா, கேட்டோமா என்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாங்கிய மூன்றாம் நாளே காதுக்காரர் அதன் மூடியைக் கழற்றினார்.

அதன் பிறகு அந்த மூடி மூடியிருந்த நாள்கள் குறைவு. உள்ளே எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருந்த ‘சிப்’ என்கிற சில்லை நான்கு வருடத்தில் ஆறு தடவை மாற்றினார். ஒரு சில்லில் பாடகர் நெருங்கி வந்து பாடினாராம். இன்னொன்றில் வயலின்காரர் ஓரடி இடதுபக்கம் தள்ளி உட்கார்ந்தாராம். பிளாஸ்டிக் குமிழ் போய் மரக்குமிழ் வந்தது. இரும்புத் திருகாணி ஒலியைச் சொரசொரப்பாக்குகிறது என்று பித்தளைத் திருகாணி போட்டார். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், இதே அரிப்பு உள்ளவர்கள் இணையத்தில் கூடுகிற குழு ஒன்று இருந்தது. அதில் ஒருவர் சில்லைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் தாளம் திருந்தும் என்று எழுதினார். நாற்பது பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுச் சில்லு போட்டால் உடனே கேட்கவும் கூடாது. இருநூறு மணி நேரம் ஆளில்லாமல் பாடவிட்டு ஊறவைக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். எனவே துணி அலமாரிக்குள், மடித்த சட்டைகளுக்கு நடுவே, பெட்டி எட்டு நாளுக்கு மேல் பாடிக்கொண்டே இருக்கும்.

“என்னங்க, நம்ம சட்டைக்கெல்லாம் இப்ப ராகம் பிடிபட்டிருக்கும். ஒரு கச்சேரி வெச்சிடலாமா?” என்பாள் மனைவி. அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எதையும் எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து நம்புகிறவள்.

“உனக்குக் காது பழகல. அதான் வித்தியாசம் தெரியல.”

“இருக்கட்டும். எனக்குக் காதுல கம்மல் மாட்டித்தான் பழக்கம். பூ சுத்திப் பழக்கமில்ல.”

இப்படி வீட்டோடு போயிருக்க வேண்டிய கிறுக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தது ஒரு சுற்றறிக்கையால். தொலைபேசிப் பெண்கள் வாடிக்கையாளரிடம் காட்டும் மரியாதையை அளந்து மாதம்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மரியாதையை எதால் அளப்பது, படியாலா முழத்தாலா என்று அதில் இல்லை. மேலாளர் இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் ஏதோ கோப்பு தேடி வந்தவர், காதுக்காரரின் ஹெட்போனை விளையாட்டாக மாட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா! அந்தப் பொண்ணு எச்சில் முழுங்குறதுகூட கேக்குதேய்யா! என்ன மெஷின் இது?”

பதினாறு வருடத்தில் மேலாளர் அந்த அறையில் வியந்து பேசியது அன்றுதான். காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சில்லு, மரக்குமிழ், பித்தளைத் திருகாணி என்று அரை மணி நேரம் விளக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமையே மரியாதைக் குழு பிறந்துவிட்டது. மேலாளர், கணக்குப் பிரிவுக்காரர், பணியாளர் பிரிவு அம்மா, நடுவே மேசையில் பெட்டி. ஒவ்வொரு பதிவையும் அதன் வழியே கேட்டு, பெண்ணின் குரலில் எத்தனை மரியாதை என்று பத்துக்கு மார்க் போட்டார்கள். ஐந்துக்குக் கீழே போனால் வார விடுமுறை ரத்து. நாலாம் நம்பர் இருக்கைக்காரிக்கு அப்படி ஒன்பது வாரம் விடுமுறை போனது. ‘மூக்கால் பேசுகிறார்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். அவருக்கு அப்போது சளி.

லிஃப்ட் ஏன் நின்றது என்று எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் கேட்கவில்லை. நாற்பது கட்டடத்துக்கு ஒரே ஒரு மெக்கானிக் என்பதும் யார் காதிலும் விழவில்லை. அதைக் கேட்க ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டிருக்காது.

இப்படி இருக்கையில் ஒரு குடியிருப்பின் சங்கத் தலைவர் லிஃப்டுக்குள் முப்பத்தெட்டு நிமிடம் மாட்டிக்கொண்டார். போனை எடுத்தது ஏழாம் நம்பர். இருக்கை எண்ணே அங்கே ஆளின் பெயர். ஐந்து வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தவள். இன்னும் இருபது நாள் போனால் விதிப்படி நிரந்தரம். அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அவள் போனை வைக்கவில்லை. “சார், கதவ உதைக்காதீங்க சார். ஆள் கிளம்பிட்டாங்க சார். ஒக்காந்து மூச்ச இழுத்து விடுங்க சார்.” பதினோரு தடவை சார் போட்டிருந்தாள். வெளியே வந்த தலைவர், நின்ற லிஃப்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், ஒன்பதாவது ‘சார்’ பற்றி இரண்டு பக்கம் புகார் எழுதினார். அதில் மரியாதை குறைந்திருந்ததாகவும், சிரிப்பும் கலந்திருந்ததாக ஐயுறுவதாகவும்.

செவ்வாய் காலை பதினோரு மணிக்கு விசாரணை. மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதற்கும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது.

இங்கேதான் காதுக்காரரும் மாட்டிக்கொண்டார். ஏழாவது சில்லு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியின் உயிரான சர்க்யூட் பலகை, வீட்டு அலமாரியில் ஊறிக்கொண்டிருந்தது. அதை இடையில் நிறுத்தினால் அவர் மனம் ஆறாது. பெட்டி இல்லாமல் அலுவலகம் போகவோ அவருக்கு முகமில்லை. அதனால் திங்கள் காலை வெறும் பெட்டிக்குள் ஒரு காரியம் செய்திருந்தார். ஒலி வரும் துளையிலிருந்து ஹெட்போன் துளைக்கு நேராக மூன்று கம்பியை இழுத்துப் பற்றவைத்தார். சிவப்பு விளக்கு மட்டும் எரிய ஒரு பேட்டரி. குமிழைச் சும்மா சுற்றும்படி மாட்டினார். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டுமே என்று குளியலறையிலிருந்து அரைத் துண்டு சோப்பைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தார். ஒலி கணினியிலிருந்து காதுக்கு நேராகப் போனது, பெட்டியே இல்லாதது போல.

திங்கள் முழுக்க யாரும் கண்டுபிடிக்கவில்லை. செவ்வாய் காலை மேலாளர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். குமிழை மெல்லத் திருப்பினார்.

“ஆங்... இப்பத்தான் தெளியுது. இன்னும் கொஞ்சம்... அதோ! ஒன்பதாவது சார்! அடியில ஒரு திமிரு ஓடுது, கவனிச்சீங்களா?” மறுபடி திருப்பினார். “கூட்டக் கூட்டத் திமிரும் கூடுது.”

கணக்குப் பிரிவுக்காரர் கேட்டுவிட்டு, “ஆமா சார், சிரிப்பு சுத்தமா கேக்குது” என்றார். பணியாளர் பிரிவு அம்மா பேனாவைத் திறந்தார். பணிநீக்கக் கடிதம் தயாராகும், நாலு மணிக்குக் கையெழுத்து என்று முடிவாயிற்று. காதுக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு வெளியே வந்தார். நடைவழி பெஞ்சில் ஏழாம் நம்பர் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, உங்க மெஷின் நல்ல மெஷின்னு எல்லாரும் சொல்றாங்க. அதுலயாவது சரியா கேட்டுதா?”

அவர் நிற்கவில்லை. மூன்று மாடிப் படியையும் இறங்கி, இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து மனைவியின் பரிசோதனைக் கூடத்தில் போய் நின்றார். ரத்தக் குழாய்களை அடுக்கியபடியே அவள் முழுதும் கேட்டாள். சோப்பு வந்த இடத்தில் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் நம்பர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

“போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு? பெட்டி காலின்னா? நாலு வருஷ மானம் போயிடும்டி. பலகை மட்டும் உள்ள இருந்திருந்தா...”

“இருந்திருந்தா? பலகை இருந்தா அது மரியாதையை அளந்திருக்குமா? பாட்டு சத்தமா கேக்க ஒரு சாமான் வாங்கினீங்க. நல்லா கேளுங்க, யார் வேணாம்னா? அத வெச்சு ஒருத்தி மனசுக்குள்ள என்ன இருக்குன்னு மூணு பேர் சொல்லுவாங்களாம், நீங்க குமிழுக்கு எண்ணெய் போட்டுக் குடுப்பீங்களாம்.”

அவள் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினாள். “இதுல பேர் இருக்கா பாருங்க. நம்பர்தான். யாரோடதுன்னு தெரிஞ்சா கண்ணு தனக்குப் பிடிச்சதைப் பாத்துரும். நீங்க பெட்டியத் திறந்து காட்டினா உங்க மேலாளர் என்ன சொல்வார் தெரியுமா? ‘அப்ப என் காதே போதும்’பார். அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டுப் போங்க.” என்ன வழி என்பதையும் சொன்னாள்.

மூன்றே முக்காலுக்குக் குழு முன் போய் நின்றார். பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நான்கு பித்தளைத் திருகாணிகளையும் கழற்றி, மூடியைத் திறந்தார். அறை முழுக்கச் சோப்பு மணந்தது.

“இதென்னய்யா?”

“சோப்பு சார்.”

“சோப்பு எதுக்கு?”

“கனத்துக்கு சார். ஆம்ப்ளிஃபையர் வீட்டுல இருக்கு. அலமாரியில பாடிட்டிருக்கு. காலைல நீங்க திருப்பின குமிழுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அந்தப் பொண்ணு குரல்ல இருந்ததா நீங்க கேட்டது எதுவும் அதுல இல்ல சார்.”

கணக்குப் பிரிவுக்காரர் சோப்பை முகர்ந்து பார்த்தார். பிறகு மேலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப... மெஷினே இல்லாம எனக்குக் கேட்டிருக்கு! என் காதே போதும்னு ஆச்சே!”

இதை எதிர்பார்த்துத்தான் காதுக்காரர் வந்திருந்தார். “அதான் சார் நானும் நினைச்சேன். அந்தக் காதுக்கு ஒரு பரீட்சை வெச்சு அறிக்கையில சேத்துட்டா, யாரும் மறுத்துப் பேச முடியாது. பதினோரு சார் தனித்தனியா வெட்டி வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடுங்க. ஒருத்தர் தாளை ஒருத்தர் பாக்கக் கூடாது.”

மேலாளருக்கு இது பிடித்துவிட்டது. பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்க்க முடியாமல் கணக்குப் பிரிவுக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. சார். சார். சார். ஹெட்போன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. முடிந்ததும் தாள்களை வாங்கிக் காதுக்காரர் உரக்கப் படித்தார். மேலாளர் முதல் சாருக்கு எட்டு, நாலாவதுக்கு ஆறு, ஒன்பதாவதுக்கு ஒன்று, பத்தாவதுக்கு ஒன்பது போட்டிருந்தார். கணக்குப் பிரிவுக்காரருக்கு ஒன்பதாவதுதான் முழு மரியாதை. பணியாளர் பிரிவு அம்மாவுக்கு இரண்டாவதில் திமிர், ஐந்தாவதில் அழுகை.

“பாத்தியா, ஒன்பதாவதுக்கு நான் ஒண்ணுதான் போட்டிருக்கேன்!” என்றார் மேலாளர்.

“சார், பதினொண்ணும் ஒரே சார். ஒண்ணையே பதினோரு தடவை ஓட்டினேன். அதுவும் இந்தப் புகார்ல உள்ளது இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, நல்ல மரியாதையான குரல்னு நீங்களே தேர்ந்தெடுத்து எல்லா லிஃப்டுக்குள்ளயும் போட்டீங்களே, ‘சார், கவலைப்படாதீங்க, உதவி வருது’ன்னு, அதுலேர்ந்து வெட்டினது. அதுவும் ஏழாம் நம்பர் பேசினதுதான்.”

கடிதம் கையெழுத்தாகவில்லை. அந்த மூன்று தாளும் காதுக்காரர் கையில் இருந்ததால், ‘தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு’ புகார் முடித்துவைக்கப்பட்டது. இருபதாம் நாள் ஏழாம் நம்பர் நிரந்தரமானாள். பெட்டி மட்டும் தடயப் பொருளாகக் கோப்பு அறைக்குப் போனது. பட்டியலில் ‘அலுமினியப் பெட்டி ஒன்று, சோப்பு அரை’ என்று இருக்கிறது.

விசாரணை நடந்த அன்று மாலையே பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஏழாம் நம்பர் நன்றி சொன்னாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“அண்ணே, நாலாம் நம்பர் அக்காவுக்கு ஒன்பது வாரம் லீவ் போச்சே. அப்ப பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?”

“பலகை இருந்துச்சும்மா.”

“அப்ப சரியா அளந்துச்சா?”

தான் எச்சில் விழுங்கிய சத்தம் அவருக்கு ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

“இல்லம்மா.”

மறுவாரம் அவருக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. அனுமதியின்றி அலுவலக உபகரணத்துக்குள் சோப்பு கொண்டுவந்தது ஏன்? அலுவலக உபகரணமாம்! அவர் சொந்தக் காசில் வாங்கிய பெட்டி. காதுக்காரர் ஆறு பக்கம் பதில் எழுதினார். சோப்புக்கு ஒரு வரி. மற்றதெல்லாம், அந்தப் பெட்டியைக் காட்டி மார்க் குறைக்கப்பட்ட இருபத்து மூன்று பெண்களின் இருக்கை எண், தேதி, பறிபோன விடுமுறை. சாட்சி என்ற இடத்தில், ‘குமிழைச் சுழற்றிக் கொடுத்தவன்’ என்று தன்னைப் போட்டுக்கொண்டார். முதலில் வந்த பதில், பரிசீலனையில் உள்ளது என்றது. இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு பதினான்கு பேருக்கு விடுமுறை திரும்பியது. மீதி ஒன்பது பேருக்காக மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த ஒன்பதில் நாலாம் நம்பரும் உண்டு.

ஏழாவது சில்லு இருநூறு மணி நேரம் ஊறி முடித்தது. வீடில்லாமல் நின்ற பலகைக்கு அளவான உறை தேடியதில், பயணத்துக்கு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்றுதான் பொருந்தியது. இரண்டு துளை போட்டு, புது மரக்குமிழ் ஒன்றை மாட்டி அதில்தான் இப்போது கேட்கிறார். நன்றாகவே பாடுகிறது.

சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து நாலாம் நம்பர் கேட்டார்: “என்னண்ணே, குளிக்கக் கிளம்பிட்டீங்களா?”

“இல்லம்மா. உன் பத்தாவது கடிதத்துக்குத் தபால் தலை வாங்கக் கிளம்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு, காதுக்காரர் படியிறங்கினார்.