பின்னால் நின்றவன்

என் பொறுமை தேத்தண்ணி ஆறும் வரைக்குத்தான் தாங்கும். அப்படிப்பட்ட நான் அந்த வசந்தம் முழுக்க ஒரு கிழவரைத் தனியே நிற்கவைக்கப் பாடுபட்டேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்தக் கிழவர் ஒடெசாவிலிருந்து வந்த யூதர், ஒருகாலத்தில் குடிநீர்ப் பொறியாளர். குளிர்காலத்தில் பனியில் சறுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தபோதும் அவருக்கு ஒரே கவலைதான். கோடை தொடங்கும்போது வரும் ஷவுவொட் பெருநாளில் நிற்க வேண்டும்.

யூதர்களுக்குள் அவர் கோஹன். பழைய ஆலயத்துப் பூசகர்களின் வழி வந்தவர். பெருநாளில் சபைக்கு முன் கைகளை உயர்த்தி ஆசி சொல்வது கோஹன்களுக்கே உரியது. அந்தச் சிறிய சபையில் மிஞ்சியிருந்த கோஹன் அவர் ஒருவர்தான். அவர் நிற்காவிட்டால் அந்தப் பெருநாளுக்கு ஆசியே இல்லை. உட்கார்ந்து சொன்னால் செல்லாது. ஒருவர் தாங்கிப் பிடித்தாலும் செல்லாது. இரண்டு கையும் மேலே போனபின், அவர் ஊன்றி நடக்கும் நடைவண்டியை எதனால் பிடிப்பது?

எனவே தினமும் காலையில் அவருடைய வீட்டின் ஒடுங்கிய நடையில் பயிற்சி. “கையை விடுங்கோ, விடுங்கோ!” என்று நான் கத்துவேன். எங்களுக்குள் ஜெர்மன்தான், ஆனால் என் நினைவில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது. டுசல்டோர்ஃபில் இருக்கும் அக்கா தொலைபேசியில் நக்கலடித்தாள்: “எங்கடை கோயில் ஐயருக்கு நீ ஒரு செம்பு தண்ணி தூக்கிக் குடுத்ததில்லை. இப்ப என்னடா புதுப் பக்தி?”

பக்தி இல்லை. இன்னார்தான் உள்ளே போகலாம் என்றாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரில் அந்தச் சொல் யாரையெல்லாம் வாசலில் நிறுத்தியது என்று கண்டவன் நான். அதை அவரிடமே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தன் சிநேகிதனை அடக்கம் செய்த அன்று தான் இடுகாட்டு மதிலுக்கு வெளியே, தெருவில், மழைக்குள் நின்றதைச் சொன்னார். கோஹன் சவத்துக்குக் கிட்டப் போகக்கூடாதாம். “இந்த இடம் வேணுமோ உமக்கு?” என்று கேட்டார்.

பெருநாளும் வந்தது. சக்கர நாற்காலியை மேட்டில் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஜெபாலய வாசலில் காவல் நின்ற பொலிஸ்காரன் மெதுவாகப் போகச் சொன்னான். கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்!

ஆசிக்கு முன் பக்கத்து அறையில் அவருடைய சப்பாத்தைக் கழற்றினேன். சப்பாத்தோடு ஆசி சொல்லும் மேடையில் ஏறக்கூடாது. அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறையை நான் வீட்டிலேயே மாட்டிவிட்டிருந்தேன். அடுத்தது கை கழுவுதல். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் லேவி, அதாவது ஆலயத்தில் பணிவிடை செய்த இன்னொரு வழியில் வந்தவர். இங்கே லேவி என்றால் கீழ்வீட்டுக்காரர். சதுரங்கத்தில் ஒரு குதிரையை நகர்த்தியதற்காகச் சண்டை பிடித்து, இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது.

லேவி செம்புக்குக் கிட்ட விறைத்துக்கொண்டு நின்றார். கோஹன் சுவரைப் பார்த்தார். உள்ளே வழிபாடு போய்க்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. செம்பைத் தூக்கினேன். “நான் ஊத்திவிடுறன். வீட்டிலை நான்தானே ஊத்துறன்?”

“நைன்!”

‘இல்லை’ என்று ஜெர்மனில், இரண்டு பேரும் ஒரே குரலில்! லேவி என் கையிலிருந்து செம்பைப் பறித்தார். ஒரு சொல் பேசாமல் ஊற்றினார். பிறகு துவாயால் அந்தக் கிழட்டு விரல்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். எனக்குக் கொஞ்சம் மனம் சுட்டது, ஆனால் சிரிப்பும் வந்தது.

“நீர் பின்னாலை நில்லும்,” என்றார் கோஹன். “தொடவேண்டாம். விழுந்தால் மட்டும் பிடியும்.”

மேடையில் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் சால்வையைத் தலைக்கு மேலால் இழுத்து, மெல்ல, மெல்லச் சபைப் பக்கம் திரும்பினார். கைகள் மேலே போயின. முன்னால் எல்லோரும் தங்கள் சால்வைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அந்தக் கைகளைப் பார்க்கக்கூடாது. எனக்குத் தெரிந்தது ஒரு முதுகும் இரண்டு காலுறையும்தான். ஒருவர் எடுத்துக்கொடுக்க, இவர் ஒவ்வொரு சொல்லாய்ப் பாடினார். இடது முழங்கால் நடுங்கியது. என் கைகள் அவருடைய இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றன. தொட்டால் எல்லாம் போச்சு. கடைசிச் சொல்லுக்குச் சபை “ஆமென்” என்றபோது எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நின்றுவிட்டாரே மனுஷன்!

திரும்பும் வழியில் லேவி நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்துவந்தார். திடீரென்று, “பாவம், இவனுக்குக் கிடைக்கவில்லை,” என்றார். “கோஹனுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஆசி சேராது.”

“வேலை காரணமாக வர ஏலாதவனுக்குச் சேரும்,” என்றார் கோஹன்.

“அது வயலில் நிற்பவனுக்கு. அதோடு இவன் எங்கடை ஆளும் இல்லை.”

“சதுரங்கம்தான் தெரியாது எண்டு பார்த்தால், சட்டமும் தெரியாதோ உமக்கு?”

இறக்கம் முழுக்கச் சத்தம். பேசாமலிருந்த காலத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். நான் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி தள்ளினேன்.

வீட்டு வாசலில் கோஹன் என் பக்கம் திரும்பினார். “நாளைக்கும் பெருநாள்தான். முன்னாலை, சனத்தோடை இரும். ஆரும் தடுக்க மாட்டினம். அப்ப இவருக்கு வாயடைக்கும்.”

“ஏலாது,” என்றேன். “நான் பின்னாலைதான் நிப்பன். அது என்ரை இடம்.”