தலையணையில் அடம்பம்பூ

எழுபதுகளில் எங்கள் தெருவில் கல்யாணமான பெண்கள் அத்தனை பேர் தலையணையிலும் ஒரே ரோஜாதான் பூத்திருந்தது. ஏழு இதழ், இரண்டு இலை, இடது பக்கம் சாய்ந்த ஒரு மொட்டு, அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் குட் நைட். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் அதற்கு ஒரு மாதிரித் தாள் இருந்தது. அதைத் துணிமேல் வைத்து, நடுவில் கார்பன் தாளைச் செருகி, பென்சிலால் ஓட்டி எடுத்துத் தைக்க வேண்டும். அக்கா எடுத்ததைத் தங்கை வாங்கி எடுப்பாள், அவளிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரி வாங்குவாள். கைமாறிக் கைமாறி அந்தத் தாள் ஓரத்தில் கிழிந்து, மொட்டின் காம்பு போய்விட்டது. அதற்குப் பிறகு தெரு முழுக்க மொட்டு காம்பில்லாமல் அந்தரத்தில் நின்றது. ஒருத்திக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது.

சிஸ்டரிடம் கேட்டேன். “தாளில் உள்ளதைத்தானே போடணும், நீயாக ஏன் கூட்டணும்” என்றார். கோபம் எனக்கு மூக்கின் மேல் நிற்கும். அன்றைக்கே கார்பன் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். என் தலையணை உறைக்கு என் கையாலேயே ஒரு பூ வரைவது என்று முடிவு செய்தேன். அதுவும் நான் நிஜமாகப் பார்த்த பூவாக இருக்க வேண்டும்.

அதில்தான் சிக்கல். எங்கள் தெருவின் உப்புக் காற்றுக்கு ரோஜா வராது. நான் தினமும் பார்த்த பூ ஒன்றே ஒன்று, கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியின் பூ. கத்தரிப்பூ நிறம், தொண்டைக்குள் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. காலையில் விரியும், மதியத்துக்குள் வதங்கிவிடும். மீன்பிடி வள்ளங்களை இழுத்துப் போட்டிருக்கும் இடத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் தூரம் வரை அதுதான். அந்த இடத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன் எதற்குப் போவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீடுகளில் கக்கூஸ் கிடையாது. கடற்கரைதான்.

வெயில் ஏறுவதற்குள் பென்சிலும் நாள்காட்டியில் கிழித்த தாள்களுமாகப் போய் உட்காருவேன். மீன் வாங்கப் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

“ஏளா, இங்கன உக்காந்து யாருக்குக் கடுதாசி எழுதுத?”

“பூவுக்கு” என்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள். சிரிக்கட்டுமே.

எனக்குப் படம் வரைய யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் வாரம் நான் போட்டதெல்லாம் அடம்பு நிறத்து ரோஜாக்கள். தனித்தனியாக ஐந்து இதழ் போட்டு வைத்திருந்தேன். அடம்பம்பூவுக்குத் தனித்தனி இதழே கிடையாது, எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி ஒரே விரிப்பு, உள்ளே ஐந்து கோடு மட்டும் ஓடும். கண்ணுக்கு முன்னால் இருந்தும் கை பழைய தாளையே போட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. பிய்த்து விரித்துப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், படுத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பூ தாளில் வந்து உட்கார்ந்தது. அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். அவரை நச்சரித்து அந்த நிறத்தில் பட்டு நூல் வாங்கிவரச் சொன்னேன். இரண்டு உறைகளில் பூவும் அதன் இலைகளுமாகச் சங்கிலித் தையல் போட்டு முடித்தேன். குட் நைட் போடவில்லை. அம்மா அதைப் பார்த்தாள், மடித்துக் கல்யாணப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தச் சமயம் புதுத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அவரை எனக்கு முன்பே தெரியும். மாதா கோயில் பாடல் குழுவில் பாடுவார், நல்ல குரல். பிடித்திருந்தது என்று சொல்வதில் இப்போது என்ன வெட்கம்? மிகவும் பிடித்திருந்தது.

பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணின் தையல் வேலைகளை மேஜையில் பரப்பி வைப்பது எங்களில் வழக்கம். அவருடைய அம்மாவும் அத்தையும் வந்தார்கள். கேக்கும் தேத்தண்ணீரும் ஆயிற்று. மேஜை விரிப்பைத் தடவிப் பார்த்தார்கள், கைக்குட்டைகளை எண்ணினார்கள். அவருடைய அம்மா தலையணை உறையை எடுத்து விரித்தார்.

“இது என்ன பூம்மா?”

“அடம்பம்பூ” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் வரைய முடியும். உறையை இரண்டு விரலால் பிடித்து மேஜையில் வைத்தார்.

“வெளிக்குப் போற எடத்துல கெடக்குத பூவ யாராவது தலமாட்டுல வப்பாகளா?”

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். என் அம்மா பதறிப்போனாள். “சின்னப் புள்ள, தெரியாம போட்டுட்டா. பிரிச்சிருவா. ரோசாப்பூ போட்டுருவா” என்றாள்.

“மத்ததெல்லாம் திருப்திதான். இத மட்டும் மாத்திட்டா அடுத்த ஞாயித்துக்கிழம வெத்தல பாக்கு மாத்திக்கிடலாம்” என்றார் அவருடைய அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். அவருடைய குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. கூடவே அந்தரத்தில் நின்ற மொட்டும் வந்தது.

“தெரியாம போடல. பிரிக்க மாட்டேன்” என்றேன்.

அவர்கள் போன பிறகு அம்மா என்னைப் பேசாத பேச்சில்லை. மறுநாள் குசினியில் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அம்மா ஒரு உறையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் பூவின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். கல்யாணப் பெட்டியில் வைத்த துணியைக் கல்யாணத்துக்கு முன் உபயோகிக்கக் கூடாது. உபயோகித்துவிட்டால் அது சீரில் சேராது. இரண்டு உறைகளையும் என் தலையணைக்கு மாட்டி, பட்டப்பகலில் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க அதன் மேல் தலை வைத்துப் படுத்தேன். நன்றாக எண்ணெய் வைத்த தலை.

இனி அதை யாருக்கும் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாறவில்லை. கோயிலில் அவர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழுதேன். அடம்பம்பூவின் மேல்தான் அழுதேன், அதற்கும் அது உதவியது. ஆனாலும் பிரித்துவிடலாம் என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை. நான் பார்த்து, தப்பாகப் போட்டு, திருத்திப் போட்டு, என் கைக்கு வந்த ஒரே பொருள் அது. ஒரு வீட்டுக்குள் நுழைய அதைப் பிய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வீடு எனக்கு வேண்டாம்.

அம்மா மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைப்பாள், போவாள். மழை முடிந்து அடம்பு மறுபடி படர்ந்த சமயம் ஒரு நாள் காலை கடற்கரையிலிருந்து திரும்பி வந்தவள், பெட்டியைத் திறந்து புதுக் கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டாள்.

“இதுலயும் போடு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “எதப் போட?”

“அந்தச் சனியனத்தான். ஒன்னால நான் விடியக்காலம் போன எடத்துல அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.” என் தலையணையை இழுத்து, இலையின் மேல் விரலை வைத்தாள். “பூவு சரி. இலதான் தப்பு. நுனியில இந்த வெட்டு இன்னும் ஆழமா வரும்ளா. ஆட்டுக் காலுல குளம்பு பொளந்திருக்குத கணக்கா.”

“நான் பாத்துத்தான் போட்டேன்” என்றேன்.

“நீ ஒரு மாசம் பாத்த. நான் கெட்டி வந்த நாள்லேருந்து பாக்கேன்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

உடனே எழுந்து கடற்கரைக்குப் போனேன். பத்து இலை பறித்துப் பார்த்தேன். பத்திலும் அம்மா சொன்னதுதான் சரி. விரிப்பில் வெட்டை ஆழமாகப் போட்டேன். தலையணை உறையில் இருந்த இலைகளை அப்படியே விட்டுவிட்டேன். பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.