பழைய சாற்றைக் கொட்டிய நாள்

தோல் பதனிட ஆவாரம்பட்டையை விட்டுவிட்டு வாட்டில் மரப்பட்டைக்கு மாறுவதென்று எங்கள் பேரணாம்பட்டு டேனரியில் முடிவானபோது, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மெட்ராசில் ஒரு வருஷம் தோல் படிப்பு படித்துவிட்டு வந்த சூப்பர்வைசர் நான். தலைகால் புரியாமல் ஆடினேன்.

தொட்டி மேஸ்திரி என் வயதுக்காரன், என் தோஸ்த். பத்து வருஷம் முழங்கால் அளவு சாற்றில் நின்ற பிறகு, அந்தப் பொங்கலுக்குத்தான் மேஸ்திரி ஆகியிருந்தான். எங்களிடம் எட்டுத் தொட்டிகள். புதுத் தோலை முதலில் சத்து இறங்கிய பழைய பட்டைச் சாற்றில் போட்டு, பிறகு படிப்படியாகக் கெட்டியான சாற்றுக்கு மாற்றுவார்கள். அதனால் வாரம் ஒரு தொட்டியாக மாற்றலாம், மற்றதை அப்படியே வைத்திருப்போம் என்றான்.

“பழச மொத்தமா கொட்டிட்டா, தப்பா போனா எங்க திரும்புவ? இன்னா அவசரம் உனக்கு?”

பயந்தாங்கொள்ளி என்று அவனைக் கேலி செய்தேன். எட்டையும் ஒரே நாளில் காலி செய்ய வைத்தேன். அந்தக் கறுப்பு நாற்றம் வாய்க்காலில் ஓடுவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தவன் நான். எல்லாத் தொட்டியிலும் புதுச் சாறு, நல்ல கெட்டியாக.

சில வாரம் கழித்து ஒரு தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிப் பார்த்தோம். மேலே அழகான நிறம். நடுவில் வெள்ளைக் கோடாக, பதமாகாத பச்சைத்தோல். கெட்டிச் சாறு பட்டதும் மேல்பக்கம் சுருங்கி இறுகி, உள்ளே எதையும் விடவில்லை. மொத்தச் சரக்கும் பாழ்.

முதலாளி வந்தார். கத்தவில்லை.

“பழைய சாறு எல்லாத்தையும் கொட்டச் சொன்னது யாரு?”

மேஸ்திரி என்னைப் பார்த்தான். நானே சொல்வேன் என்று காத்திருந்தான். நான் கையிலிருந்த தோலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குப் பொறுப்பு நீதானே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார். அப்போதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆம்பூரில் ஒரு மண்டியில் தோல் சுமக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

அடுத்த சரக்குக்குப் பக்கத்து டேனரியில் கெஞ்சிப் பழைய சாறு வாங்கி வந்தேன். அவன் சொன்னபடியே வாரம் ஒரு தொட்டியாக மாற்றினேன். தோல் பிரமாதமாக வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

படித்ததுதான் என்றேன்.