வியாழனின் கந்தகத்துக்குப் பூர்வீகம் எது

அப்பாவுக்கு என்மேல் இருந்த கோபத்தைவிட வியாழன் கிரகத்தின்மேல் இருந்த கோபம்தான் அதிகம். தொண்ணூறுகளின் நடுவில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. வியாழனின் காந்த மண்டலத்துக்குள் கந்தகம், ஆக்சிஜன் போன்ற கனமான துகள்கள் அசுர வேகத்தில் சுற்றுகின்றன. அவை சூரியனிலிருந்து வந்தவையா, உள்ளூர்ச் சரக்கா என்பதுதான் என் ஆய்வு. முடிக்க இன்னும் ஒரு வருஷம் தேவைப்பட்டது.

"வியாழன் எங்கிட்டும் ஓடிறாது. வர்ற வரன் அமைஞ்சா தையில கழுத்த நீட்டு" என்றார் அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கீரனூரிலிருந்து எங்கள் ஊர் சாணார்பட்டிக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தது கேசரிக்கு மட்டும்தான். அவருடைய அப்பாதான் என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தார். அம்மா கண்ணைக் காட்டியும் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வியாழனுடைய நிலாக்களில் ஒன்றில் ஓயாமல் எரிமலை வெடிக்கிறது, அது கக்கும் கந்தகம்தான் காந்தப் புலத்தில் மாட்டிச் சுழன்று வேகமெடுக்கிறது என்பது என் சந்தேகம். சூரியனிலிருந்து வந்திருந்தால் கார்பன் என்னும் கரி நிறைய இருக்கும், கந்தகம் இவ்வளவு இருக்காது என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஏனுங்க அம்மிணி, வியாழன்னா நம்ம குரு பகவானுங்களா?"

ஆமாம் என்றேன். விசாரணை முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "உங்க பூர்வீகத்தையே டீக்கடை, உரக்கடையெல்லாம் விசாரிச்சு முடிச்சுட்டுத்தானுங்க நான் படியேறுனேன். குரு காரியத்தப் பாதியில விட்டுட்டுத் தாலி கட்டுனா குடும்பத்துக்கு ஆகாதுங்க. புள்ள முடிக்கட்டும்."

அப்பா உடனே தலையாட்டிவிட்டார். இதைத்தானே நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்!

ஆய்வு சொன்னதைவிட அதிகமாகவே இழுத்தது. வியாழக்கிழமை தவறாமல் மாப்பிள்ளையின் அப்பா என் ஆய்வேட்டுக்காகக் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தினார். ராசி பலன் என்றாலே எரிந்துவிழும் நான் அதற்கு மட்டும் மூச்சுவிடவில்லை.

கடைசியில் என் கணக்கும் எரிமலையைத்தான் காட்டியது. எஸ்டிடி பூத்திலிருந்து முதலில் அவருக்குத்தான் சொன்னேன்.

"உள்ளூருதானுங்களா?" அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. "அப்பச் சரிங்க. தையில வெச்சுக்கலாம்."

மாப்பிள்ளையைப் பிடிப்பதற்கு முன்பே மாமனாரைப் பிடித்துப்போன பெண், எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.