கோணல் குடைமிளகாய்

டொக், டொக், டொக்.

அடைத்து முடித்த குடைமிளகாயை அடுப்பு மேடையில் மூன்று முறை தட்டுகிறாள். பிறகு அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். உள்ளே போன மீனும் இறாலும் தட்டியதில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கின்றன. மேலே விழுந்த பள்ளத்தில் இன்னொரு கரண்டி வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மறுபடியும் மூன்று தட்டு. "உள்ள காத்து நின்னுச்சுன்னா வெந்ததும் குழி விழுந்துடும். அப்புறம் மேல என்ன பூசினாலும் ஒட்டாது" என்கிறாள். சொல்வது குடைமிளகாயைப் பற்றித்தான். ஆனால் அந்த வாக்கியம் அவள் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்வது பல் செட். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நம்பர் ஒட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காற்றுக் குமிழி போகத் தட்டி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ரோஸ் நிற ஈறு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிடுவாள். பல்லின் நிறத்துக்கு ஒரு நம்பர், அளவுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். அந்த வாய்க்கு மேலே எப்படிப்பட்ட முகம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

தெருவில் 'பல்லக்கா' என்றால்தான் தெரியும். அவள் எதிரே வந்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அதில் தப்பு சொல்லவும் முடியாது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால்கூட, "மேல் செட்டு லூசு, பாவம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுக்கிற ஆள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை குடைமிளகாய்க்குச் சனிக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய்விடுவாள். காயைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் எத்தனை மேடு என்று எண்ணுவாள். நாலு மேடு இருந்தால் பைக்குள் போகும், மூன்று என்றால் திரும்பக் கூடைக்கு. "மூணு கால் நிக்காதுங்க. ஓவன்ல சாஞ்சு உள்ள இருக்கிறதையெல்லாம் கொட்டிடும்" என்பாள். காய்கறிக்காரர், "உங்களுக்குன்னு தனியா செஞ்சுதான் அனுப்பச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆறு காயும் ஒரே உயரம், ஒரே பருமன். வீட்டு மேசையில் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு நிறையும்.

காம்போடு சேர்த்து மூடியைச் சீவி எடுத்ததும், பல்குத்தும் குச்சியால் மூடியில் ஒரு புள்ளி, அதன் காயில் ஒரு புள்ளி. அடுத்ததற்கு இரண்டு புள்ளி. இப்படி ஆறு வரைக்கும். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது. "மாத்தி மூடினா கடி சேராது" என்பாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்துவதற்கு அவர்கள் தொழிலில் 'கடி' என்று பேர். அவள் கணவன் பஸ் டிரைவர். "வயித்துக்குள்ள போற காய்க்குக் கடி எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், இப்போது மூடியை மட்டும் தனியாகத் தின்று பழிதீர்த்துக்கொள்கிறான்.

இதெல்லாம் வாய்க்கு ருசியாக ஏதோ செய்வோம் என்று ஆரம்பித்ததல்ல. மாமனாருக்காக ஆரம்பித்தது.

மாமனார் மீன் மார்க்கெட்டில் முப்பத்தைந்து வருஷம் ஏலம் விட்டவர். கவிழ்த்துப்போட்ட பெட்டி மேல் ஏறி நின்றால், குரல் மார்க்கெட்டைத் தாண்டி மூன்றாவது தெருவில் கேட்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு சந்து உண்டு. மூன்றாம் தரம் சொல்வதற்கு முன்னால் அந்தச் சந்து வழியாக ஒரு சீட்டி அடிப்பார். அத்தனை கூட்டமும் கப்சிப். வீட்டிலும் அப்படித்தான், சாப்பாட்டு மேசையில் அவர் கதை முடியாமல் யாரும் கை கழுவ எழுந்திருக்க முடியாது.

போன வருஷம் ஈறு கெட்டுப்போய், மிச்சமிருந்த பல்லையெல்லாம் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். பல்லோடு பேச்சும் போனது. எதைக் கேட்டாலும் கையை ஆட்டிப் பதில் சொன்னார். தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். ஏலம் கூவிய வாய், கஞ்சி குடிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கும்.

அவளுக்கு அது பொறுக்கவே இல்லை. "ஊர்ல இருக்கிற வாயெல்லாம் நான் செஞ்ச பல்லால மெல்லுது. நம்ம வீட்டு வாய் மட்டும் மூடிக் கிடக்கு" என்று கணவனிடம் அழுதிருக்கிறாள். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் செலவழித்து ஒரு செட் செய்தாள். அவள் செய்ததிலேயே அதுதான் மேல். ஒரு பல் முன்னே பின்னே இல்லை, நிறம் சொக்க வைக்கும். டாக்டரே கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமனார் அதை மாட்டிக்கொண்டு டாக்டர் நீட்டிய கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டார். "ரொம்ப அழகும்மா. அதான் டம்ளர்ல வச்சிருக்கேன். நாலு பேர் பாக்கட்டும்" என்றார்.

புதுப் பல் பழகும்வரை கொஞ்ச நாள் இப்படித்தான் என்று அவள் நினைத்தாள். மிருதுவான உணவிலிருந்து மெல்ல மெல்லக் கடினமானதற்குப் போக வேண்டும். அவருக்கோ மீன் வாடை இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. முதல் ஞாயிறு முள் எடுத்து உதிர்த்த மீன். வெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, கொஞ்சம் சோறு, மிளகு, எலுமிச்சை சேர்த்து அடைத்தாள். இரண்டாவது ஞாயிறு நண்டு. மூன்றாவது ஞாயிறு இறால். நாலாவதுக்கு எழுதி வைத்திருந்தது மெல்லக் கடினமான கணவாய் மீன். "கணவாயைக் கடிச்சுட்டார்னா அப்புறம் கவலையே இல்லைங்க. அவரே மேசைக்கு வந்துடுவார்" என்றாள் கணவனிடம்.

முதல் இரண்டு வாரமும் தட்டில் காயின் தோல் மட்டும் திரும்பி வந்தது. தோல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். மூன்றாவது வாரம் குடைமிளகாய் மூடியோடு முழுசாக வந்தது. "நல்லா இருந்துச்சா மாமா?" என்றதற்கு அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கழுவும் இடத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்பது இறால். மசாலாவெல்லாம் சப்பி எடுத்து, வெளுத்துப்போய், சுருண்டு கிடந்தன. புள்ளிக்குப் புள்ளி பார்த்து மூடியை மட்டும் சரியாகப் பொருத்தியிருந்தார்.

ஈரக் கையோடு நேரே அவர் அறைக்குப் போனாள். பல் டம்ளரில் இருந்தது.

"ஈறு வலிக்குதா மாமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"ஆடுதா? எங்கயாவது குத்துதா? குமட்டுதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை. அவளுக்குத் தெரிந்த கேள்விகள் அத்தோடு தீர்ந்துபோயின. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதில் அடுத்த சனிக்கிழமை கிடைத்தது, அதுவும் கேட்காமலே. அவள் பையிலிருந்து குடைமிளகாயை எடுத்து மேசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். மாமனார் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து காய் அட்டென்ஷனில் நின்றன. ஆறாவது நிற்கவில்லை. அவள் கவனிக்காத நேரத்தில் காய்கறிக்காரர் மூன்று கால் காய் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டிருந்தார். ஒரு பக்கம் புடைத்து, மறு பக்கம் ஒடுங்கி, காம்பு எங்கேயோ திரும்பியிருந்தது. "நாளைக்கு இருக்கு அந்த ஆளுக்கு" என்று அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மாமனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோணல் காயைக் கையில் எடுத்தார்.

"இதாம்மா பாத்தா அடையாளம் தெரியுது. மத்ததெல்லாம் எது எதுன்னே தெரியல."

பல்லில்லாத வாயில் சொற்கள் குழைந்து வந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பல்லை டம்ளரில் போட்ட நாளுக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அது. அதற்கு மேலும் பேசினார்.

"உன் பல்லுல ஒரு குறையும் இல்ல. ஆனா கண்ணாடில பாத்தா எவனோ சிரிக்கிறான். போய்ச் சேந்த உங்க அத்தை இப்ப வந்து பாத்தாள்னு வை... யாரு இந்த ஆளு, என் வீட்ல வந்து உக்காந்து சாப்பிடறான்னு கேப்பா."

சொல்லிவிட்டு மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வாரம் சோறு தின்னாமல் செய்தது இதற்குத்தானா? மறுநாள் குடைமிளகாய் செய்யவில்லை. ஆறையும் ஃபிரிட்ஜில் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினாள். அந்த ஞாயிறு வீட்டில் ரொட்டியும் முட்டையும்தான். "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்ட கணவனிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் துவைத்த துணியை மாமனார் அறையில் வைக்கப் போனவள், சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். யாரோ மார்க்கெட்டில் எடுத்தது. அவர் பெட்டி மேல் நிற்கிறார், கை வானத்தில், வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அந்த அறையைப் பெருக்குகிறாள். ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள், அந்தப் படத்தில் இருந்த வாயை அன்றைக்குத்தான் பார்த்தாள். நடுவில் சந்து. இடப்பக்கப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோள்மேல் சாய்ந்திருந்தது. கீழ்வரிசை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. தன் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வீட்டு மனுஷனுக்கும் நம்பர் பார்த்துத்தானே செய்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை டம்ளரும் படமும் அவளோடு வேலைக்குப் போயின. முன்பல் நாலையும் அறுத்து எடுத்தாள். புதிதாக நட்டு, நடுப்பல் இரண்டுக்கும் இடையே ஒரு நெல் அகலத்துக்குச் சந்து விட்டாள். ஒன்றைச் சாய்த்து நட்டாள். ஓரங்களைத் தேய்த்து, பளபளப்பைக் குறைத்து, அடிப்பக்கம் கொஞ்சம் டீக்கறை ஏற்றினாள். பக்கத்து மேசைப் பெண் பதறிப்போனாள். "என்னக்கா இது, நல்ல பல்லைப் போய்க் கெடுக்கிறீங்க!"

"கெடுத்து வச்சிருந்தேன். இப்பத்தான் சரி பண்றேன்" என்றாள் இவள்.

சனிக்கிழமை சாயங்காலம் டம்ளர் பழைய இடத்துக்கு, ஜன்னலுக்கு, போய்விட்டது. படம் சுவருக்குப் போனது. மாமனாரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், அவளுக்காக மாட்டிக்கொள்வார். அது வேண்டாம் என்று இருந்தது.

ஞாயிறு காலை கணவாயை வளையம் வளையமாக வெட்டி, சூடான வெண்ணெயில் போட்டதும் எடுத்துவிட்டாள். கொஞ்சம் கூட நேரம் விட்டால் ரப்பர். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்ததில் ஆறு காயும் லேசாகச் சுருங்கியிருந்தன. கோணல் காயையும் இந்தத் தடவை அடைத்தாள். நிற்காத அதை மற்ற ஐந்துக்கும் நடுவே சாய்த்து வைத்துத் தட்டை ஓவனுக்குள் தள்ளினாள்.

காலை ஷிப்ட் முடிந்து கணவன் ஒரு மணிக்கு வந்தான். மேசையில் மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். அவன் மூடியை எடுக்கக் கையை நீட்ட, புறங்கையில் ஒன்று வைத்தாள். "இருங்க."

"ஆறிப்போகுது."

"ஆறட்டும்."

மாமனார் அறைக்குள் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. கையில் தட்டு எடுத்துப்போக வந்தவர் மாதிரிதான் மேசைவரை வந்தார். தட்டை எடுக்கவில்லை. தன் பழைய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூடியைத் தூக்கி, ஒரு கணவாய் வளையத்தை எடுத்து வாயில் போட்டு மென்றார். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். அவள் கன்னத்தை மேசையில் சாய்த்து அவர் தாடையைக் கீழேயிருந்து பார்த்தாள். கடி சேர்ந்திருந்தது. கடித்தார், விழுங்கினார், காயின் தோலையும் விடவில்லை. இரண்டாவதும் அதே வழி போனது. கணவன் தன் பங்குக்கு இரண்டை முடித்தான். அவள் ஒன்றைப் பேருக்குக் கொறித்தாள். கண் நிறைந்து நின்றதில் அது கணவாயா மீனா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தட்டில் கடைசியாகக் கோணல் காய் மட்டும் மிஞ்சியது. கணவன் கை அதை நோக்கி நகர்ந்தது.

"நில்லுடா." மாமனார் காயை இரு விரலால் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார். "கோணக் காய் ஒண்ணு! கணவாய் அடைச்சது! யாருக்கு?"

"எனக்கு!" என்று கணவன் கரண்டியை உயர்த்தினான்.

"ஒரு தரம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு தரம்!"

அவர் உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி குவித்தார். புதுச் சந்து வழியாக மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு ஒரு சீட்டி வெளியே வந்தது. மூன்றாம் தரம் சொல்லாமல் அந்தக் காயை மருமகள் தட்டில் வைத்தார். ஏலம் முடிந்தது என்று, உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.